அலைகள்: எந்த அளவு யாருக்கு உரியது? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை, வங்கக்கடலைக் கடந்து தமிழகக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. அதைப் பற்றிப் பேசும்போது, “சுமத்ராவிலிருந்து தண்ணீர் வந்து மோதியது” என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. நாகப்பட்டினத்துக்குள் புகுந்தது நாகப்பட்டினத்துக் கடலின் தண்ணீரேதான். சுமத்ராவிலிருந்து வந்தது குலைவும் அது சுமந்த ஆற்றலும் மட்டுமே.

இந்த ஒரு பிழையைச் சற்று நின்று பார்க்கலாம். அலை பற்றிய கணக்குகளிலும் விளக்கங்களிலும் காணப்படும் பிழைகளில் பெரும்பாலானவை இதே வேரிலிருந்துதான் கிளைக்கின்றன. அலை என்று சொல்லும்போது எப்போதும் இரண்டு இயக்கங்கள் இருக்கின்றன: ஒன்று குலைவு முன்னேறும் இயக்கம், மற்றொன்று ஊடகத்தின் துகள்கள் தத்தம் இடத்தருகே அலைவுறும் இயக்கம். இரண்டுக்கும் வேகம் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்திவிடுவதால் எது எது என்று தெரியாமல் போகிறது. எந்த அளவைப் பார்த்தாலும் அது யாருக்கு உரியது, அதைத் தீர்மானிப்பது யார் என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், கீழே சொல்லப்போகும் தவறுகளில் பலவும் தாமாகவே விலகும்.

அலையின் வேகமும் துகளின் வேகமும்

ஆழிப்பேரலையின் அலைநீளம் கடலின் ஆழத்தைவிட மிகப் பெரியது என்பதால், அதன் வேகம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது. ஈர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அந்த வேகம் கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் இது நொடிக்கு ஏறத்தாழ 198 மீட்டர், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல். ஜெட் விமானத்தின் வேகத்தை நெருங்கும் இந்த எண்ணைக் கேட்டவுடன், கடல்நீரே அவ்வளவு வேகத்தில் பாய்ந்து வந்ததாக மனம் எண்ணிக்கொள்கிறது.

நிலநடுக்கம் நிகழ்ந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு வங்கக்கடலுக்கு மேலே சென்ற ஜேசன்-1 செயற்கைக்கோள், திறந்த கடலில் அந்த அலையின் உயரத்தைச் சுமார் 60 சென்டிமீட்டர் என்று அளந்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் 60 சென்டிமீட்டர் எழும் அலைக்கு, நீர்த்துகள்களின் கிடைமட்ட வேகத்தைக் கணக்கிட்டால் நொடிக்கு 3 சென்டிமீட்டர்தான் வருகிறது. எறும்பு ஊரும் வேகம் என்று சொல்லலாம். ஓர் அலைவு முடிய ஆகும் நேரத்தை, அதாவது அலைவு நேரத்தை, 20 நிமிடம் என்று எடுத்துக்கொண்டால் அலைநீளம் ஏறக்குறைய 240 கிலோமீட்டர்; ஆனால் ஒரு நீர்த்துகள் தன் இடத்திலிருந்து முன்னும் பின்னும் நகர்வதோ ஆறு மீட்டர் அளவுக்குத்தான். 60 சென்டிமீட்டர் உயர்வு பல நிமிடங்களுக்கு மேல் மெல்ல நிகழ்வதால், ஆழ்கடலில் நிற்கும் படகு அதை உணர வாய்ப்பே இல்லை.

கரையை நெருங்கும்போது கதை மாறுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அலையின் வேகம் நொடிக்கு 10 மீட்டராகக் குறைகிறது. அலைவு நேரம் மாறாது, ஏனெனில் அது அலையை எழுப்பிய மூலத்திலிருந்து வந்தது. ஆகவே அலைநீளம் 240 கிலோமீட்டரிலிருந்து 12 கிலோமீட்டராகச் சுருங்குகிறது. அதே ஆற்றல் குறுகிய இடத்தில் நெருக்கப்படுவதால் உயரம் நாலரை மடங்கு அளவுக்கு எழுகிறது. அதற்குப் பின் அலை உடைந்து, தண்ணீர் உண்மையாகவே நிலத்துக்குள் பாய்கிறது. எனவே “அலை ஊடகத்தைக் கடத்துவதில்லை” என்ற பாடநூல் வரியைக்கூட அதன் எல்லைக்குள் வைத்தே படிக்க வேண்டும்: வீச்சு, அதாவது சமநிலையிலிருந்து எழும் அளவு, சிறிதாக இருக்கும்வரை அது செம்மையாகப் பொருந்தும், அலை உடையும் கரையோரத்தில் பொருந்தாது.

இதே இடத்தில் இன்னொரு சிறு பிழையையும் தீர்த்துக்கொள்ளலாம். அலை செல்லும் திசைக்குக் குறுக்கே துகள்கள் அலைவுறும் குறுக்கலைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் பலரும் நீரலையைச் சொல்கிறார்கள். நீரின் பரப்பில் மிதக்கும் பூவைக் கூர்ந்து கவனித்தால், அது மேலும் கீழும் மட்டும் ஆடுவதில்லை, முன்னும் பின்னும்கூட ஆடுகிறது என்பது தெரியும். ஆழமான நீரில் பரப்புத் துகள்களின் பாதை ஏறக்குறைய வட்டம். ஆகவே நீரலை முழுக்கக் குறுக்கலையும் அன்று, அலையின் திசையிலேயே துகள்கள் அலைவுறும் நெட்டலையும் முழுக்க அன்று. குறுக்கலைக்குக் கயிற்றையோ வீணைத் தந்தியையோ சொல்வதே பாதுகாப்பானது.

சமன்பாட்டைத் தலைகீழாகப் படித்தல்

வேகம் = அதிர்வெண் × அலைநீளம் என்ற சமன்பாட்டை அறியாத மாணவர் இல்லை. “அதிர்வெண்ணை இரு மடங்காக்கினால் வேகம் என்ன ஆகும்?” என்று கேட்டால், இரு மடங்காகும் என்று விடை எழுதுபவர்களும் குறைவில்லை. சமன்பாடு மூன்று அளவுகளுக்கு இடையேயான உறவைச் சொல்கிறதே தவிர, எது எதனால் தீர்மானிக்கப்படுகிறது என்பதைச் சொல்வதில்லை; அதை நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதிர்வெண் மூலத்துக்கு உரியது. வேகம் ஊடகத்துக்கு உரியது. அலைநீளத்துக்குத் தனி உரிமையாளர் இல்லை. அது மற்ற இரண்டும் சேர்ந்து கொடுக்கும் விளைவு. காற்றில் அதிர்வெண்ணை இரு மடங்காக்கினால் அலைநீளம் பாதியாகும். வேகம் இருந்த இடத்திலேயே இருக்கும். அப்படி இல்லாவிட்டால், கச்சேரியில் பின்வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு வயலினின் மேல்ஸ்தாயி ஒலி முதலிலும் மிருதங்கத்தின் தொப்பி ஒலி பிறகும் வந்து சேர்ந்து, தாளமே குலைந்து போயிருக்கும்.

விதிவிலக்கு உண்டு. கண்ணாடியில் ஒளியின் வேகம் அதிர்வெண்ணைச் சற்றே பொறுத்தது. அதனால்தான் முப்பட்டகம் வெள்ளொளியை நிறங்களாகப் பிரிக்கிறது. ஆழ்கடலின் சாதாரண அலைகளிலும் நீண்ட அலை விரைவாகச் செல்லும். ஆனால் அங்கும் இந்தச் சார்பு ஊடகத்தின் இயல்பிலிருந்து வருகிறது. சமன்பாட்டில் அதிர்வெண் ஓர் உறுப்பாக இருப்பதால் அன்று.

ஊடகம் மாறும்போது இந்தத் தவறு வேறு உருவில் வருகிறது. ஒளி காற்றிலிருந்து நீருக்குள் செல்லும்போது வேகமும் அலைநீளமும் குறையும், அதிர்வெண் மாறாது. சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியின் அலைநீளம் காற்றில் 589 நானோமீட்டர். நீரில் அது 443 நானோமீட்டர் ஆகிறது. காற்றில் 443 நானோமீட்டர் என்பது நீல ஊதாவுக்கு உரிய எண். அப்படியானால் நீருக்குள் மூழ்கிப் பார்ப்பவருக்கு மஞ்சள் விளக்கு நீலமாகத் தெரிய வேண்டுமே என்று ஒரு மாணவர் கேட்டால், அது நல்ல கேள்வி. நிறத்தைத் தீர்மானிப்பது அதிர்வெண். நிறங்களுக்கு நாம் எழுதிவைத்திருக்கும் அலைநீள அட்டவணை காற்றுக்கோ வெற்றிடத்துக்கோ உரியது. மேலும், காற்றில் நின்று பார்த்தாலும் விழித்திரையை அடையுமுன் ஒளி கண்ணுக்குள் இருக்கும் திரவத்தைக் கடந்துதான் செல்கிறது.

அடர்த்தி அதிகமானால் ஒலி விரையுமா?

“திடப்பொருள் அடர்த்தி மிக்கது, ஆகவே அதில் ஒலி விரைவாகச் செல்கிறது” என்ற வரி பல குறிப்பேடுகளில் இருக்கிறது. முன்பாதி பொதுவாகச் சரி, பின்பாதியும் சரி, நடுவில் உள்ள “ஆகவே” மட்டும் தவறு. அடர்த்தி என்பது நிலைமம். அது துகளை அசையவிடாமல் தடுப்பது. குலைவை முன்னால் தள்ளுவது ஊடகத்தின் விறைப்பு, அதாவது மீட்சிக் குணகம். மீட்சிக் குணகத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைக்கிறது. எனவே மற்றவை மாறாதிருக்க, அடர்த்தி கூடினால் வேகம் குறையத்தான் வேண்டும். திடப்பொருளில் ஒலி விரைவது, அதன் விறைப்பு அடர்த்தியைக் காட்டிலும் பல மடங்கு மிகுதியாக உயர்ந்திருப்பதால்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. எஃகின் அடர்த்தி அலுமினியத்தின் அடர்த்தியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆயினும் மெல்லிய கம்பியில் இரண்டிலும் ஒலியின் வேகம் நொடிக்கு 5,000 மீட்டரை ஒட்டியே இருக்கிறது. இரண்டையும்விட அடர்த்தியான ஈயத்தில் அது 1,200 மீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது. ஒலி நீரில் நொடிக்கு 1,480 மீட்டரும் பாதரசத்தில் 1,450 மீட்டரும் செல்கிறது. காற்றைவிடப் பதினான்கு மடங்கு இலேசான ஹைட்ரஜனில் ஒலி ஏறக்குறைய நான்கு மடங்கு விரைவாகச் செல்கிறது.

வளிமங்களில் இன்னொரு பொறியும் உண்டு. அவற்றுக்கான சூத்திரத்தில் மீட்சிக் குணகத்தின் இடத்தில் வரும் அழுத்தம் மேலேயும் அடர்த்தி கீழேயும் இருப்பதைப் பார்த்து, மலை உச்சியில் அழுத்தம் குறைவதால் ஒலியின் வேகமும் குறையும் என்று எழுதுகிறார்கள். வெப்பநிலை மாறாதிருந்தால் அழுத்தம் குறையும் அதே விகிதத்தில் அடர்த்தியும் குறையும், வேகம் மாறாது. மதுரையில் 35 பாகை, அதே நேரத்தில் கொடைக்கானலில் 15 பாகை என்று வைத்துக்கொண்டால், ஒலியின் வேகம் மதுரையில் நொடிக்கு ஏறத்தாழ 352 மீட்டர், கொடைக்கானலில் 340 மீட்டர். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் குளிர், உயரம் அன்று.

நியூட்டனே இந்தச் சூத்திரத்தில் இடறியவர் என்பது மாணவர்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். ஒலி செல்லும்போது காற்றின் வெப்பநிலை மாறுவதில்லை என்று அவர் கொண்டார். அந்த வழியில் இன்றைய அளவுகளைப் போட்டுக் கணக்கிட்டால் 0 பாகையில் நொடிக்கு 280 மீட்டர்தான் வருகிறது, அளந்தறிந்த மதிப்போ 331. இறுக்கமும் தளர்ச்சியும் மிக விரைவாக நிகழ்வதால் வெப்பம் வெளியேற நேரமில்லை என்று 1816இல் லாப்லாஸ் திருத்திய பிறகே கணக்கும் அளவையும் ஒத்துப்போயின.

வரைபடங்கள் செய்யும் குழப்பம்

தேர்வில் மதிப்பெண் இழக்கும் இடம் என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், நான் இதைத்தான் சொல்வேன். இடப்பெயர்ச்சியைச் செங்குத்து அச்சில் வைத்து வரையும் படங்கள் இரண்டு வகை. கிடை அச்சில் தொலைவு இருந்தால், அது ஒரு கணத்தில் எல்லாத் துகள்களையும் எடுத்த நிழற்படம். கிடை அச்சில் நேரம் இருந்தால், அது ஒரே துகளின் வரலாறு. இரண்டும் பார்வைக்கு ஒரே சைன் வளைவு. முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள இடைவெளி முதல் படத்தில் அலைநீளம். இரண்டாவதில் அலைவு நேரம். அச்சின் பெயரைப் படிக்காமல் வளைவைப் படிப்பவர், நேரப் படத்திலிருந்து அலைநீளத்தை எடுத்து எழுதிவிடுகிறார்.

இரண்டும் எவ்வளவு வேறுபட்டவை என்பதைச் சைன் வளைவு மறைத்துவிடுகிறது. சமச்சீரற்ற ஒரு துடிப்பை எடுத்துக்கொண்டால் உண்மை வெளிப்படும். முன்பக்கம் செங்குத்தாகவும் பின்பக்கம் சரிவாகவும் உள்ள துடிப்பு ஒன்று கயிற்றில் வலப்புறமாகச் செல்கிறது என்று கொள்வோம். நிழற்படத்தில் செங்குத்துப் பக்கம் வலப்புறம் இருக்கும். ஆனால் கயிற்றின் ஒரு புள்ளியில் நின்று பார்ப்பவருக்கு முதலில் வருவது அந்தச் செங்குத்துப் பக்கமே. ஆகவே நேரப் படத்தில் அது இடப்புறம் இருக்கும். ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம்.

நிழற்படத்தில் ஒரு துகளைக் காட்டி, அது மேலே செல்கிறதா கீழே செல்கிறதா என்று கேட்கும் வினாவுக்கு ஒரு வழி போதும்: அலை செல்லும் திசையில் வளைவு முழுவதையும் சிறிது நகர்த்தி, புள்ளிக்கோடாக வரைய வேண்டும், அந்தத் துகளுக்கு நேர் மேலேயோ கீழேயோ புதிய வளைவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் துகள் போகிறது. முகட்டில் இருக்கும் துகளுக்கு வேகம் பெருமம் என்று எண்ணுவது பரவலான தவறு. அங்கே வேகம் சுழி, சமநிலைப் புள்ளியைக் கடக்கும்போதுதான் பெருமம். வீச்சைச் சமநிலைக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும், முகட்டிலிருந்து அகடு வரை அன்று என்பதை நினைவூட்டி நகர்கிறேன்.

ஒலியைச் சைன் வளைவாக வரைவதால் வருவது

ஒலி நெட்டலை என்று படித்துவிட்டு, அடுத்த பக்கத்திலேயே அதை மேலும் கீழுமாக வளையும் கோடாகப் பார்க்கிறோம். அந்தக் கோடு காற்று மேலும் கீழும் போவதைக் காட்டவில்லை. முன்னும் பின்னுமான இடப்பெயர்ச்சியையோ அழுத்த மாற்றத்தையோ ஓர் எண்ணாக்கி, அந்த எண்ணை மேலும் கீழுமாகக் குறித்திருக்கிறார்கள். எதை அப்படிக் குறித்திருக்கிறார்கள் என்பது முக்கியம், ஏனெனில் அழுத்தமும் இடப்பெயர்ச்சியும் ஒரே இடத்தில் பெருமம் அடைவதில்லை. இறுக்கத்தின் நடுவில் உள்ள துகளை எண்ணிப் பாருங்கள்: இடப்பக்கத்துத் துகள்கள் அதை நோக்கி வலப்புறமாகவும், வலப்பக்கத்துத் துகள்கள் அதை நோக்கி இடப்புறமாகவும் நகர்ந்திருக்கின்றன; நடுவில் உள்ளது தன் இடத்திலேயே இருக்கிறது. அழுத்தம் பெருமமாக இருக்கும் இடத்தில் இடப்பெயர்ச்சி சுழி.

குழாய்களில் இது நேரடியாகக் குறுக்கிடுகிறது. மூடிய முனையில் கணு (அலைவு சுழியாகும் இடம்) என்று மனப்பாடம் செய்தவர், அது இடப்பெயர்ச்சியின் கணு, அழுத்தத்தின் எதிர்க்கணு (மாற்றம் பெருமமாகும் இடம்) என்பதைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால், அங்கே ஒலிவாங்கியை வைத்து அளக்கும்போது பெருமம் வருவதைக் கண்டு திகைப்பார். புல்லாங்குழலைப் பற்றிய தவறும் இங்கேதான் சேரும். ஊதும் துளைக்கு அப்பால் குழல் அடைபட்டிருப்பதைப் பார்த்து, அது ஒரு முனை மூடிய குழாய் என்று பலரும் எழுதுகிறார்கள். அதிரும் காற்றுத் தம்பம் ஊதும் துளையிலிருந்து, விரல் எடுத்த முதல் துளை வரை நீள்கிறது. இரண்டும் வெளிக்காற்றுக்குத் திறந்தவை. ஆகவே அது இரு முனையும் திறந்த குழாய். கடினமாக ஊதினால் அடுத்த ஸ்தாயிக்குத் தாவுவதும் அதனால்தான். ஒரு முனை மூடியிருந்தால் மூன்று மடங்கு அதிர்வெண்ணுக்குத் தாவியிருக்கும்.

ஆய்வகத்தில் ஒத்ததிர்வுத் தம்பத்தை, அதாவது இசைக்கவையோடு இசைந்து உரக்க ஒலிக்கும் காற்றுத் தம்பத்தை, கொண்டு ஒலியின் வேகத்தைக் காண்பவர்கள், முதல் ஒத்ததிர்வு நீளத்தை நான்கால் பெருக்கி அலைநீளம் என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. திறந்த முனையின் எதிர்க்கணு குழாயின் விளிம்பில் அமையாமல், ஆரத்தின் 0.6 மடங்கு அளவுக்கு வெளியே அமைகிறது. 2 சென்டிமீட்டர் ஆரமுள்ள குழாயில் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பயன்படுத்தினால், முதல் நீளம் 15.5 சென்டிமீட்டரை ஒட்டிக் கிடைக்கும். அதை மட்டும் நம்பினால் வேகம் நொடிக்கு 317 மீட்டர் என்று வரும். இரண்டாவது ஒத்ததிர்வு 49 சென்டிமீட்டரை ஒட்டி வரும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 33.5 சென்டிமீட்டர். முனைப்பிழை கழித்தலில் நீங்கிவிடுவதால், இந்த வேறுபாட்டை இரண்டால் பெருக்கிக் கிடைக்கும் அலைநீளம் நொடிக்கு 343 மீட்டர் என்ற சரியான விடையைத் தருகிறது. கருவியைக் குறை சொல்லுமுன் கழித்துப் பார்ப்பது நல்லது.

தந்தியின் அலையும் காற்றின் அலையும்

தந்தி எழுப்பும் அலைநீளமே நம் காதுக்கு வரும் அலைநீளம் என்று கொள்வது மிகப் பரவலான தவறு. 65 சென்டிமீட்டர் நீளமுள்ள கித்தார் தந்தி 110 ஹெர்ட்ஸில் அடிப்படை அதிர்வில் அதிரும்போது, தந்தியில் அலைநீளம் 1.3 மீட்டர், அதே ஒலி காற்றில் பரவும்போது அலைநீளம் 3.1 மீட்டர். தந்தியில் இருப்பது குறுக்கலை, காற்றில் இருப்பது நெட்டலை, வேகமும் வேறு. இரண்டுக்கும் பொதுவானது அதிர்வெண் ஒன்றே, ஏனெனில் காற்றைப் பொறுத்தவரை தந்திதான் மூலம்.

முன்னேறாமல் ஒரே இடத்தில் நின்று அதிரும் நிலை அலையில் அடுத்தடுத்த கணுக்களுக்கு இடையே உள்ள தொலைவு அரை அலைநீளம். முழு அலைநீளம் என்று எடுத்துக்கொள்பவர்களின் விடை எப்போதும் இரண்டு மடங்கு பிசகும். விடை சரியாகப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ வந்தால் முதலில் இங்கே தேட வேண்டும்.

இழுவிசையை இரு மடங்காக்கினால் அதிர்வெண்ணும் இரு மடங்காகும் என்பது அடுத்தது. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு ஸ்தாயி ஏற நான்கு மடங்கு இழுவிசை வேண்டும். வீணையில் ஒரே மேட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஸட்ஜத்திலிருந்து சதுச்ருதி ரிஷபத்துக்கு ஏற்றும் வைணிகர், அதிர்வெண்ணை எட்டில் ஒரு பங்கு உயர்த்துகிறார். அதற்குத் தந்தியின் இழுவிசை 27 சதவீதம் கூடியிருக்க வேண்டும். விரல் நுனியில் விழும் தழும்புக்குக் காரணம் இந்த வர்க்கமூலம்தான்.

சந்திக்கும் அலைகள்

இரண்டு அலைகள் சந்தித்தால் மோதிக்கொள்ளும், ஒன்றையொன்று அழித்துவிடும் என்ற எண்ணம் “அழிவுக் குறுக்கீடு” என்ற பெயரிலிருந்தே வந்திருக்கலாம். அலைகள் ஒன்றினூடே ஒன்று கடந்து, முன்பு இருந்த வடிவிலேயே வெளியேறும். கயிற்றின் இரு முனைகளிலிருந்தும் ஒரே வடிவமும் எதிரெதிர் இடப்பெயர்ச்சியும் கொண்ட இரு துடிப்புகளை அனுப்பினால், அவை சந்திக்கும் ஒரு கணத்தில் கயிறு முழுவதும் நேராகத் தெரியும். அப்போது ஆற்றல் எங்கே போயிற்று? அந்தக் கணத்தில் கயிறு நேராக இருந்தாலும் அதன் துகள்கள் அசையாமல் இல்லை. ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாக இருக்கிறது. நிழற்படத்தில் வேகம் தெரியாது என்பதால்தான் நம் கண் ஏமாறுகிறது. ஒளியின் குறுக்கீட்டிலும் இருண்ட வரியில் குறைந்த ஆற்றல் பொலிவான வரிக்குப் போய்ச் சேர்கிறது. மொத்தக் கணக்கு குறைவதில்லை.

செறிவு வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை மறப்பதாலும், டெசிபல் ஒரு மடக்கை அளவு என்பதை மறப்பதாலும் வரும் தவறுகளுக்கு அன்றாட விளைவுகள் உண்டு. 60 டெசிபல் ஒலிக்கும் இரண்டு ஒலிபெருக்கிகளை, தொடர்பில்லாத இரு பாடல்களுடன் அருகருகே வைத்தால் 120 டெசிபல் வராது. 63 டெசிபல் வரும். இந்தியாவின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் உச்சவரம்பு. 55க்கும் 45க்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று தோன்றும்; உண்மையில் இரவில் அனுமதிக்கப்படும் ஒலிச்செறிவு பகலில் உள்ளதன் பத்தில் ஒரு பங்கே.

வானொலி அலையை ஒலி அலை என்று எண்ணுவோருக்கும் ஒரு வார்த்தை. காற்றில் வருவது மின்காந்த அலை, நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில். ஒலி என்பது பெட்டிக்குள் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்துதான் தொடங்குகிறது. மின்காந்த அலைக்கு ஊடகம் வேண்டியதில்லை; வேண்டும் என்று நம்பித் தேடிய ஈதரை 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் செய்த சோதனையில் காண முடியவில்லை. சிற்றலை கேட்டு வளர்ந்தவர்களுக்கு 41 மீட்டர், 25 மீட்டர் என்ற அறிவிப்புகள் நினைவிருக்கும். அவை அலைநீளங்கள், 300ஐ அந்த எண்ணால் வகுத்தால் அதிர்வெண் மெகாஹெர்ட்ஸில் கிடைக்கும். 41 மீட்டருக்கு 7.3, 25 மீட்டருக்கு 12.

கடந்துபோகும் ரயில்

மூலமோ கேட்பவரோ நகர்வதால் கேட்கும் அதிர்வெண் மாறுவதே டாப்ளர் விளைவு; அது 1842இல் கோட்பாடாக முன்வைக்கப்பட்டது. 1845இல் நெதர்லாந்தில் பைஸ் பாலட் எக்காளம் ஊதுவோரை ரயிலில் ஏற்றி அதைச் சோதித்தார். அதைப் பற்றிய மிகப் பரவலான தவறு இது: ரயில் நெருங்க நெருங்க அதன் ஊதல் ஒலியின் சுருதி ஏறிக்கொண்டே போகும் என்பது. ஏறுவது உரப்பு மட்டுமே. சுருதி தொலைவைப் பொறுத்தது அன்று, வேகத்தைப் பொறுத்தது. ஒலியின் வேகத்தை நொடிக்கு 340 மீட்டர் என்று கொண்டால், 400 ஹெர்ட்ஸில் ஊதிக்கொண்டு மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி நேராக வரும் ரயிலின் ஒலி, இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருந்தாலும் இருநூறு மீட்டரில் இருந்தாலும் 425 ஹெர்ட்ஸாகவே கேட்கும். கடந்த பிறகு 378 ஆக இறங்கும்.

மூலம் நகர்வதையும் கேட்பவர் நகர்வதையும் ஒன்றாகக் கொள்வதும் தவறு. மூலம் நகரும்போது காற்றில் அலைநீளமே மாறுகிறது. கேட்பவர் நகரும்போது அலைநீளம் அப்படியே இருக்க, அவர் ஒரு நொடியில் சந்திக்கும் முகடுகளின் எண்ணிக்கை மாறுகிறது. நிற்கும் ரயிலை நோக்கி நாம் அதே வேகத்தில் சென்றால் கேட்பது 425 அன்று, 423.5 ஹெர்ட்ஸ். எந்த நிலையிலும் ஒலியின் வேகம் மாறுவதில்லை, ஏனெனில் அது காற்றுக்கு உரியது.

நாம் தண்டவாளத்தின் மேல் நிற்பதில்லை, சற்றுத் தள்ளித்தான் நிற்கிறோம். ஆகவே நம்மை நோக்கிய வேகக் கூறு சிறிது சிறிதாகக் குறைந்து, சுருதி 425இலிருந்து 378க்குச் சறுக்கி இறங்குகிறது, ஏறுவதே இல்லை. அந்தச் சறுக்கலின் நடுவே சரியாக 400 ஹெர்ட்ஸ் கேட்கும் கணம் ஒன்று உண்டு. அது ரயில் நமக்கு நேர் எதிரே இருந்தபோது புறப்பட்ட ஒலி. நாம் 34 மீட்டர் தள்ளி நின்றால் அது நம்மை அடையப் பத்தில் ஒரு நொடி ஆகும். அதற்குள் ரயில் நம்மை 2 மீட்டர் கடந்திருக்கும்.